என் நம்பருக்கு வந்த நோய்கள்

எங்கள் சந்தில் ஒரு வழக்கு உருவானபோது அது என்னுடையது என்றுதான் நினைத்தேன். நான் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. தாராவியில் எங்கள் சந்திலிருந்து கறுப்புக் கோட்டு மாட்டப்போகும் முதல் ஆள். கசிந்த தகவல்கள் எங்கள் சந்துக்காரர்களுடையவை, கசிந்ததும் என் போன் நம்பரோடு. பிறகு யாருடைய வழக்காம்? ஆனால் மதினி செம்பூர்க்காரியிடம் போய்விட்டாள்.

மதினி கூடப்பிறந்த அண்ணனின் மனைவி அல்ல, எதிர்வீடு. மாட்டுங்காவில் ஒரே கட்டிடத்தில் மூன்று வீடுகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவள். செம்பூர்க்காரி என் வகுப்புத் தோழி. பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், அப்பா வங்கி அதிகாரி. வகுப்பில் நான் கை தூக்கிக் காத்திருக்கும்போது, கை தூக்காமலே அவளைக் கேட்பார்கள். அவள் பதிலும் சொல்வாள். மெதுவாக, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல். தமிழை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாது. அவளைவிட எனக்குக் கூடுதலாகத் தெரியும் என்று அப்போது நான் பிடித்து வைத்திருந்தது அது ஒன்றைத்தான்.

என் நம்பர் எப்படி எல்லோருடைய நம்பராகவும் ஆனது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் சந்தில் பெண்களின் போன் பாதி நேரம் புருஷனிடமோ பிள்ளையிடமோ இருக்கும். ரீசார்ஜ் தீர்ந்தால் நம்பரே மாறிவிடும். வரும் மெசேஜோ இங்கிலீஷில். அதனால் பள்ளிக்கூடத்தில், கேஸ் ஏஜென்சியில், ரேஷனில், எங்கே "போன் நம்பர்?" என்று கேட்டாலும் என் நம்பரைச் சொல்லிவிடுவார்கள். நானும் பத்தாம் வகுப்பிலிருந்தே ஓடிபி வாசித்துச் சொல்லும் வேலையைப் பெருமையாகவே செய்துவந்தேன். பிறகு ஒரு லேப் கம்பெனி தள்ளுபடி விலையில் முழு உடல் பரிசோதனை என்று ஆப்பில் கொண்டுவந்தது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், ஆனால் எங்கள் சந்துக்கு மட்டும் வரமாட்டார்கள். முகவரியைப் போட்டாலே "சேவை இல்லை" என்று வந்துவிடும். எனவே பெண்கள் தாங்கள் வேலை செய்யும் வீட்டு முகவரியைக் கொடுத்தார்கள். பேர் அவர்களுடையது, நம்பர் என்னுடையது, வாசல் மாட்டுங்கா. அவர்கள் தரும் காசுக்கு என் யூபிஐயில் பணம் கட்டிப் பதிவு செய்வதும் நான்தான். வேலைக்குப் போன இடத்திலேயே லிஃப்ட் பக்கம் நின்று கையை நீட்டிவிட்டு, உள்ளே போய்க் குக்கரை ஏற்றுவார்கள்.

திடீரென்று ஒருநாள் முதல் என் போனில் நோய்கள் வர ஆரம்பித்தன.

"மேடம், உங்க தைராய்டுக்கு ஆயுர்வேத கோர்ஸ் இருக்கு" என்றான் ஒருவன் இந்தியில். எனக்குத் தைராய்டு இல்லை என்றேன். அவன் என் பின்வீட்டு அக்காவின் முழுப்பெயரைச் சொன்னான். அடுத்தவன் சர்க்கரைக்கு மாத்திரை விற்றான். மூன்றாவதாக ஒரு பெண், "வாழ்த்துகள் மேடம், குழந்தைக்காக இப்போதே முதலீடு செய்யலாமே" என்றாள். அவள் வாழ்த்தியது, கல்யாணமாகி முதல் வருஷம்கூட முடியாத கோடிவீட்டுப் பெண்ணை. அவள் மாமியாரிடம்கூட இன்னும் சொல்லியிருக்கவில்லை.

வந்த எல்லா அழைப்பையும் ரெக்கார்டு செய்தேன். பிறகு கம்பெனியிலிருந்தே மன்னிப்பு மெசேஜ் வந்தது. எங்கள் அமைப்புக்குள் அனுமதியின்றி யாரோ நுழைந்திருக்கலாம், சில வாடிக்கையாளர்களின் விவரங்கள் வெளியாகியிருக்கலாம், வருந்துகிறோம். இத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு மெசேஜ், எனக்கு. எனக்குள் பொங்கி வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? பாடத்தில் படித்தது என் கைக்கே வந்திருக்கிறது. வீடு வீடாக ஓடினேன். "அக்கா, உங்க தைராய்டு ரிப்போர்ட் லீக் ஆயிருச்சு, கம்பெனி மேல கேஸ் போடலாம்." அக்கா கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "மெதுவா பேசுட்டி" என்றாள். கோடிவீட்டுப் பெண் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். எல்லோருக்கும் பயம், விழிப்புணர்வு போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதினியின் விஷயம் அதற்குள் கைமீறிப் போயிருந்தது. அவளுக்கு முன்பு டி.பி. வந்தது. மருந்தை முழுவதும் முடித்துச் சரியாகிவிட்டது. மனத் திருப்திக்காக அதே கம்பெனியில் சளியைக் கொடுத்து மறுபடி ஒருமுறை பார்த்தாள், ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை. ஆனால் தகவலை வாங்கியவர்களுக்கு முடிவா முக்கியம்? எந்த டெஸ்ட் என்பது போதும். மாட்டுங்கா வீட்டு வாசலுக்கு ஒரு பார்சல் போனது. சத்துமாவு இலவசப் பாக்கெட், கூடவே பளபளப்பான ஒரு நோட்டீஸ். டி.பி.யிலிருந்து மீளும் உங்களுக்காக என்று மதினியின் பெயர், அவள் அப்பா பெயர், வயதோடு அச்சிட்டிருந்தது. அந்த வீட்டு மாமி அதைப் போட்டோ எடுத்து, கட்டிடத்து சொசைட்டி குரூப்பில், "சமையலுக்கு ஆள் வைப்பவர்கள் ஜாக்கிரதை" என்று போட்டுவிட்டாள். மறுநாள் மூன்று சமையலறையும் போனது. வாட்ச்மேன் கேட்டிலேயே, "மேலே போக வேண்டாம்னு சொன்னாங்கம்மா" என்றானாம்.

என்னிடம் வருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. எங்கள் கல்லூரியின் சட்ட உதவி மையம் அந்த வாரம் தாராவி மெயின் ரோட்டில் மேசை போட்டிருந்தது. மேசையில் உட்கார்ந்திருந்தவள் செம்பூர்க்காரி. மதினி அவளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிந்தது மறுநாள், கல்லூரியில்.

"அரே, உங்க லேன்லேர்ந்து ஒரு கேஸ் வந்திருக்கு. செம இன்ட்ரஸ்டிங்" என்றாள் செம்பூர்க்காரி.

வயிறு எரிகிறது என்பது வெறும் பேச்சு இல்லை. நிஜமாகவே எரிந்தது. அன்று மதியம் டப்பாவைத் திறக்கவே முடியவில்லை.

சாயங்காலம் குழாயடியில் மதினியைப் பிடித்தேன். "ஏன் மதினி, நான் செத்தா போயிட்டேன்?"

"ஏ, கோவப்படாதட்டி" என்றாள். "அந்தப் புள்ளட்ட சொன்னா கேட்டுட்டு அது பாட்டுக்கு செம்பூருக்குப் போயிரும். நீ இங்கனதான கெடப்ப? தெனமும் தண்ணி பிடிக்க உன் மூஞ்சிலல்லா முழிக்கணும்."

"நான் யார்ட்டயாவது சொன்னேனா?"

"சொல்லல. ஆனா உனக்குத் தெரியும்லா. எவளுக்கு என்ன சீக்குன்னு டாக்டருக்கு அப்புறம் உனக்குத்தான் தெரியும். ஒன்னப் பாத்தாலே எல்லாரும் சேலைய இழுத்து மூடுதாளுவ."

யாரையும் தெரியாமல் இருப்பதே ஒரு தகுதியாகும் என்று எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. செம்பூர்க்காரிக்கு அந்தத் தகுதி தானாக வாய்த்தது. அதற்காக அவள் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

ஆனால் அவளுக்கு என்னை விட்டால் வழியும் இல்லை. மதினியின் கணக்கைத் திறந்தால்தான் என்னென்ன கம்பெனியிடம் இருந்தது என்று பார்க்க முடியும். ஓடிபி வருவதோ எனக்கு.

"ஒரு ஓடிபி வரும், சொல்லேன்" என்று போன் செய்தாள்.

"யாரிடமும் பகிர வேண்டாம்னு அதிலேயே எழுதியிருக்கே. வக்கீலாகப் போறவங்களுக்கு இதுகூடத் தெரியாதா?"

"கோச்சுண்டிருக்கியா?"

"சட்டத்தைச் சொன்னேன். வேணும்னா நேர்ல வா."

வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாளே பஸ் பிடித்து லேப்டாப்போடு வந்து நின்றாள். சந்து குறுகலாயிற்றே, சாக்கடையாயிற்றே என்று ஒருமுறை மூக்கைச் சுளித்திருந்தாலும் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் ஒற்றை அறைக் கோலிக்குள் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மா பூப்போட்ட கப்பில் டீ கொடுத்தாள். எனக்கு ஸ்டீல் டம்ளர். "எவ்வளவு அமைதியா பேசுது பாரு" என்று என் காதுபடச் சொன்னாள்.

மதினி கதவோரம் உட்கார்ந்து, "எங்கெல்லாம் போகலாம், அதச் சொல்லுங்க முதல்ல" என்றாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். நான் முந்திக்கொண்டேன்.

"புதுசா தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு மதினி. அதுக்குன்னு ஒரு வாரியம். கம்பெனிக்குக் கோடிக்கணக்குல அபராதம் போடலாம்."

"அந்த அபராதம் யாருக்கு?"

நான் தயங்குவதற்குள் செம்பூர்க்காரி, "கவர்ன்மென்ட்டுக்கு" என்றாள். "உங்களுக்கு அதுலேர்ந்து ஒண்ணும் வராது. அந்தச் சட்டமும் படிப்படியாத்தான் அமலுக்கு வருது. எது இப்போ நடைமுறைல இருக்குன்னு பார்த்துட்டுத்தான் போகணும்."

"பழைய ஐ.டி. சட்டம் இருக்கே" என்றேன் விடாமல். "மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரி அந்தரங்கமான தகவலைக் கம்பெனி அலட்சியமா வச்சிருந்து நஷ்டம் வந்தா, நஷ்டஈடு கேக்கலாம். அதை விசாரிக்க மாநில அரசுல ஒரு அதிகாரி இருக்காரு."

"அந்தப் பிரிவையும் புதுச் சட்டம் எடுக்கப்போறது. அதனால சீக்கிரம் முடிவு பண்ணணும்" என்றாள் அவள். "இன்னொண்ணு நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்து டெஸ்ட் பண்ணினேள், அவா ரிப்போர்ட்டைப் பத்திரமா வச்சுக்கலை. அது சேவைக் குறைபாடு. சின்ன தொகைன்னா ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நீங்களே பேசலாம்."

"ஏமாத்தி விக்கிறவனுங்க மேல சைபர் போலீஸ்லயும் புகார் கொடுக்கணும்" என்றேன்.

"அதுக்கும் முன்னாடி கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதணும். நாம சொல்லியும் அவா கேக்கலைன்னு காட்டணுமே."

மதினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஏலம் போடுத மாதிரில்லா இருக்கு" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள்.

நான் ஏற்கெனவே புகாரை இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தேன். எட்டுப் பக்கம். அந்தரங்க உரிமை, அரசியல் சாசனம், மனித மாண்பு எல்லாம் இருந்தது. நிவாரணம் என்ற இடத்தில் பெரிய தொகை ஒன்றைப் போட்டிருந்தேன். செம்பூர்க்காரி அதை முழுக்க வாசித்தாள். "நல்லா இருக்கு" என்றாள். அந்த இரண்டு வார்த்தையை நான் வெறுத்தேன். பிறகு மதினி பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

பிறந்ததிலிருந்து மதினியைப் பார்க்கிறேன். எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

மதினி யோசிக்கவே இல்லை. "என் டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னு அந்தக் கம்பெனிக்காரன் எழுதிக் குடுக்கணும். தப்பு எங்களோடதுன்னும் எழுதணும். அத அதே பில்டிங்குக்கு அனுப்பணும். அப்புறம் எனக்குப் போன சம்பளம். வேற ஒண்ணும் வேண்டாம்."

"மதினி, கசிஞ்சதே தப்புன்னு கேஸ் போடுறோம்" என்றேன். "நாமளே இன்னும் கொஞ்சம் வெளியே சொல்லுன்னு கேக்குறதா? சட்டப்படி இது..."

"சட்டப்படி என்னவோ இருக்கட்டும். கெட்டது தெரிஞ்ச வீட்டுக்கெல்லாம் நல்லதும் தெரியணும்லா? அரைகுறையா தெரிஞ்சதாலதான நான் வீட்டுல உக்காந்திருக்கேன்."

செம்பூர்க்காரி அதை அப்படியே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். என் எட்டுப் பக்கத்தை நான் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

குறைதீர்ப்பு அதிகாரிக்கு மதினி பெயரில் எழுதினோம். பதில் வந்தது. தங்கள் கைபேசி எண் எங்கள் பதிவில் இல்லை, தங்கள் முகவரி எங்கள் பதிவில் இல்லை, பணம் செலுத்திய கணக்கும் தங்களுடையது அல்ல, எனவே தாங்கள் எங்கள் வாடிக்கையாளர் என உறுதிசெய்ய இயலவில்லை. நம்பர் என்னுடையது, யூபிஐ என்னுடையது, வாசல் மாமியுடையது. டப்பாவிலிருந்த சளி மட்டும்தான் மதினியுடையது. மதினிக்காகத்தான் நான் பதிவு செய்தேன் என்று நான் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். சோதனைக்கான ஆள் வந்தது தன் வீட்டுக்குத்தான் என்று மாமியும் எழுதித்தர வேண்டும். செம்பூர்க்காரி இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்புறம்... நீ சாட்சியாயிடறே. அதனால டிராஃப்ட்ல நீ இருக்கறது சரியா வராது."

அது சரிதான். சரியாக இருந்ததுதான் இன்னும் எரிந்தது. நம்பரைக் கொடுத்த பாவத்துக்கு நான் சாட்சி. கொடுக்காத புண்ணியத்துக்கு அவள் வக்கீல்.

மாட்டுங்காவுக்கு இருவருமாகப் போனோம். மாமி கிரில் கதவைத் திறக்காமல் என்னிடம் "யாரு வேணும்?" என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். சமையல்காரி பெயரைச் சொன்னதும், "அதெல்லாம் முடிஞ்சு போச்சு" என்றாள். அப்போது பின்னாலிருந்து செம்பூர்க்காரி, "மாமி, ஒரு அஞ்சு நிமிஷம்தான், கேட்டேளா" என்றாள்.

அவ்வளவுதான். மாமியின் முகமே வேறாகிவிட்டது. "நீ பாலக்காடா? ஆத்துல யார் யார் இருக்கா?" கதவு திறந்தது. அவளுக்கு சோபா. எனக்கு சோபா இல்லை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் உட்காரச் சொல்லவுமில்லை. செருப்பு ஸ்டாண்டு பக்கத்திலேயே நின்றேன். ஆறு வருஷம் மதினி சமைத்த வீடு அது. ஊரைக் கேட்ட மாத்திரத்தில் ஒருத்திக்கு காபி வந்தது.

ஆனால் மாமி எழுதித்தர மாட்டேன் என்றாள். கோர்ட்டு கச்சேரி எல்லாம் தனக்கெதற்கு? செம்பூர்க்காரி கெஞ்சும் குரலில் இரண்டு முறை கேட்டாள். பலனில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமி, அந்தப் பார்சல் எந்த அட்ரஸுக்கு வந்தது?" என்றேன் நின்ற இடத்திலிருந்தே.

"இங்கேதான்."

"அப்போ கசிஞ்சது உங்க வீட்டு அட்ரஸும்தான். ஃப்ளாட் நம்பர், மாடி, பெல் அடிச்சா யார் திறப்பாங்க, எல்லாம் எவன் எவன்கிட்டயோ இருக்கு. இன்னைக்கு சத்துமாவு வந்தது. நாளைக்கு யார் வருவான்னு தெரியாது. நீங்களும் பாதிக்கப்பட்டவங்கதான்."

மாமி என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். "என் அட்ரஸுமா?" என்று சோபாவில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்துபோய்க் கண்ணாடியை எடுத்துவந்து கையெழுத்துப் போட்டாள். மதினியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. படியிறங்கும்போது செம்பூர்க்காரி, "எனக்கு அது தோணவே இல்லை" என்றாள். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை. அவளும் கொஞ்சம் எரியட்டுமே என்று இருந்தது. அவளோ பஸ் ஸ்டாப் வரை அதையே பாராட்டிக்கொண்டு வந்தாள். பொறாமைப்படக்கூடத் தெரியாத பெண்ணிடம் எப்படித்தான் போட்டி போடுவது?

நுகர்வோர் ஆணையத்தில் மனுவை ஏற்பதா என்று கேட்கும் நாள் வந்தது. மதினிதான் பேச வேண்டும். நாங்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்தோம். என்ன சொல்ல வேண்டும் என்று செம்பூர்க்காரி ஒருபுறமும் நான் ஒருபுறமும் ரயிலிலேயே சொல்லிச் சொல்லி அவளைக் களைக்க வைத்திருந்தோம்.

கம்பெனி வக்கீல் எழுந்து அதே பாட்டைப் பாடினார். நம்பர் அவருடையதல்ல, முகவரி அவருடையதல்ல, பணமும் அவருடையதல்ல, இவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. மேடையிலிருந்த அம்மையார் மதினியிடம் மராத்தியில் கேட்டார், "அந்த நம்பர் உங்களுடையது இல்லையா?"

நாங்கள் சொல்லிக்கொடுத்த எதையும் மதினி சொல்லவில்லை. தன்னுடைய பம்பாய் இந்தியில் பேசினாள். "இல்ல மேடம். நம்பர் எங்க சந்துப் புள்ளயோடது. வாசல் நான் சமைக்கிற வீட்டோடது. எங்க சந்துக்கு வரமாட்டோம்னு அவங்கதானே சொன்னாங்க, நான் வேற எங்க நிக்க? ஆனா சீக்கு நோட்டீஸ் வந்தப்ப என் பேரு, எங்கப்பா பேரு, வயசு எல்லாம் சரியா இருந்துச்சு. என் வேலை போறதுக்கு என்னைத் தெரிஞ்சது. வேலை போச்சேன்னு கேக்க வந்தா தெரியலையா?"

அறையில் ஒரு சிரிப்பு ஓடியது. வக்கீலே குனிந்துகொண்டார். மனு ஏற்கப்பட்டது, கம்பெனிக்கு நோட்டீஸ் உத்தரவானது. செம்பூர்க்காரி என் முழங்கையைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இத்தனை நாள் அவள் பேரில் நான் சுமந்தது, இப்போது எங்கள் இருவருக்கும் மதினி பேரில் வந்துவிட்டது.

வெளியே வராந்தாவில் கம்பெனி வக்கீல் மதினியிடம் வந்தார். கடிதம் கொடுத்துவிடுகிறோம், வழக்கை வாபஸ் வாங்கலாமா என்றார். நாங்கள் இருவரும் "இல்லை" என்று ஆரம்பித்தோம். மதினி கையைக் காட்டி எங்களை நிறுத்தினாள். "லெட்டர் முதல்ல வரட்டும் சாப். என் வேலைக்கு அது வேணும். சம்பளம் போனதுக்குத் தனியா பேசுவோம், அதுக்கு இந்தப் புள்ளைங்க இருக்கு."

கடிதம் வந்தது. மாமி அதையும் குரூப்பில் போட்டாள், தன் முகவரி கசிந்த கோபத்தையும் சேர்த்து. ஒரு வீடு அந்த வாரமே கூப்பிட்டது, இன்னொரு வீடு அடுத்த மாதம். மாமியே கூப்பிட்டபோது மதினி, "அங்க போக நேரம் சரியா வராது" என்று சொல்லிவிட்டாள். இழந்த சம்பளத்துக்கான வழக்கு இன்னும் நடக்கிறது. அதில் நான் இரண்டாவது சாட்சி. போன வாரம் செம்பூர்க்காரி என்னை உட்கார வைத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று பயிற்சி கொடுத்தாள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மதினி தலையை நிமிர்த்தாமலே, "அது மட்டும் இவளால முடியாது, வேற ஏதாவது சொல்லிக்குடு" என்றாள்.